பழுது வைக்கும் மாஸ்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டைக் கெடுத்து வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மாஸ்டர் அப்படி ஒருவர். அதை அவர் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. பிரின்சிபாலின் அனுமதியோடு, இன்னும் சொல்லப்போனால் வாழ்த்தோடு செய்தார். வாரம் ஒரு நாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவார், லிஃப்டில் ஏதாவது ஒரு இடத்தில் ஒரு பழுதை வைப்பார், கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். "லிஃப்ட் ஓடவில்லை. ஏன்?" என்று பலகையில் எழுதுவார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்.

அவர் பிறக்கும்போதே ஊமையாகப் பிறந்துவிடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த நிறுவனத்தில் அவருக்கு முன்பு இருந்த பட்டப்பெயர் டேப் ரிக்கார்டர். கயிறு, கப்பி, பிரேக், கதவுக் காண்டாக்ட் என்று வருஷா வருஷம் ஒரே வரிசையில், ஒரே இடத்தில் இருமி, ஒரே இடத்தில் மூக்கைச் சிந்திப் பாடம் சொல்வார். மாணவர்கள் இருமலையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். அவரிடம் படித்தவர்கள் தேர்வில் தோற்றதே கிடையாது. தேர்வு அவ்வளவு நல்ல தேர்வு.

அப்படி எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்து முதல் இடம் வாங்கிய பழைய மாணவன் ஒருவன், ஒருநாள் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தான். கையெழுத்துப் போட இடது கையை நீட்டினான். வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது.

"என்னடா இது?"

"வேலை செய்றப்போ லிஃப்ட் நகர்ந்துடுச்சு மாஸ்டர். பாதுகாப்பு விதி அத்தனையும் தெரியும். இப்பக் கேளுங்க, வரிசையா சொல்றேன். அந்த நேரத்துல எது எதுக்குனு யோசிக்கத் தோணல, அவ்வளவுதான்."

அவன் குற்றம் சொல்லவில்லை. நலம் விசாரித்துவிட்டுப் போனான். மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பளபளக்கும் ஷூ போட்ட பயிற்சியாளர் ஒருவர் வந்து ஆசிரியர்களுக்கு முகாம் நடத்தினார். பாடம் சொல்லாதீர்கள், சிக்கலைக் கொடுங்கள். விடை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். மாணவன் கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையே அவனிடம் திருப்பிக் கொடுங்கள். அவன் தானாக யோசிப்பான், சந்தேகப்படுவான், சோதிப்பான். இதுதான் அவர் சொன்னதன் சாரம். மற்ற ஆசிரியர்கள் பிஸ்கட்டுக்காக வந்திருந்தார்கள். மாஸ்டர் மட்டும் மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டார்.

பயிற்சிக்கென்று தனி லிஃப்ட் கிடையாது. ஒன்று கேட்டுப் பார்த்தார். பிரின்சிபால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அதோ இருக்கே" என்றார். அது அந்தக் கட்டடத்தின் லிஃப்ட். கீழ்த்தளமும் முதல் மாடியும் பயிற்சிக் கூடம். இரண்டில் பல் டாக்டர். மூன்றில் ஒரு கணக்கு அலுவலகம். நான்காவது மாடியில் வாடகைக்கு விடும் கூட்ட அறை. எல்லாருக்கும் அந்த ஒரே லிஃப்ட்தான். கையால் இழுத்துத் திறக்கும் இரும்பு கிரில் கதவு. எந்த மாடியில் கிரில் கொஞ்சம் திறந்திருந்தாலும் அங்கே உள்ள காண்டாக்ட் பிரிந்து, மின்சாரம் போய், லிஃப்ட் அசையாது. பழைய லிஃப்டாக இருந்தாலும் அந்த ஒரு ஒழுக்கம் அதற்கு இருந்தது.

மூன்றாம் மாடிக் கணக்கு அலுவலகத்தில்தான் மாஸ்டரின் மனைவி வேலை பார்த்தாள். முழங்கால் வலிக்காரி. படி என்றால் அவளுக்கு எமன்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணக் கத்துக்கொடுக்குற மனுஷன், பொண்டாட்டி போற லிஃப்டைக் காலங்காத்தால கெடுத்து வைக்கிறாரு. இத எங்க போய்ச் சொல்றது?" என்று சக ஊழியைகளிடம் புலம்புவாள்.

ஆனால் முறை வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. வாயைத் திறந்தால் கொட்டாவி மட்டும் விட்ட வகுப்பு, ஒரு மாதத்தில் சண்டை போட ஆரம்பித்தது. தையல் கடையை மூடிவிட்டு இந்தத் தொழில் படிக்க வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். புதிதாகக் கல்யாணமானதால் மாப்பிள்ளை என்று பெயர் பெற்ற வாலிபன் ஒருவன். இருவரும் எதிரெதிர் கட்சி.

"பிரேக்தான் பிடிச்சிருக்கு. எழுதி வெச்சுக்க" என்பான் மாப்பிள்ளை.

"கைய வெச்சுப் பாத்தியா? மோட்டார் சூடா இருக்கா, ஆறி இருக்கா? பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் பாக்காமலே சரின்னுட்டு வந்தியா?"

இருவரும் மாஸ்டரைப் பார்ப்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார் மாஸ்டர். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

குளிர்ச்சி வீட்டுக்கும் பரவியதுதான் பிரச்சினை. நல்ல பழக்கம் வாசலில் செருப்போடு கழன்றுவிடாது.

"என்னங்க, உப்பு டப்பா எங்க?"

"எங்க இருக்கும்னு நினைக்கிற?"

"உங்க தலையில இருக்கும்னு நினைக்கிறேன். அடுத்தது மிளகாத் தூளும் அங்கதான் வரப்போகுது."

அவள் பிறகு அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் அமைதி நிலவியது. கிணற்றுக்குள் நிலவுவது போன்ற அமைதி.

ஆய்வுக்குழு வந்த நாள் அது. மாஸ்டரின் முறையை நேரில் பார்த்துச் சான்று தரப் பெரிய இடத்திலிருந்து ஒரு அம்மையாரின் தலைமையில் சிலர் வந்திருந்தார்கள். நான்காவது மாடிக் கூட்ட அறையில் அவர்களுக்கு டீ. மாஸ்டர் அன்று எளிய பழுதாக ஒன்றை வைத்தார். இரண்டாம் மாடிக் கதவின் காண்டாக்டுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம். காகிதம் இருக்கும்வரை கதவு மூடியிருந்தாலும் திறந்திருப்பதாகவே லிஃப்ட் நினைக்கும், நகராது. வகுப்பு கண்டுபிடித்துக் காகிதத்தை எடுத்தால் ஓடும். வைத்த கையோடு வகுப்புக்குப் போய், பலகையில் வழக்கமான வரியை எழுதி, மாணவர்களை அனுப்பினார்.

போன வேகத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"மாஸ்டர், லிஃப்ட் ஓடுது" என்றான் மாப்பிள்ளை.

மாஸ்டருக்குப் பெருமை பொங்கியது. அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்களே! முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "அப்படியா? ஏன் ஓடுதுன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"அதைத்தான் நாங்க கேக்குறோம். நாங்க எதையும் தொடலியே" என்றாள் தையல்காரம்மா.

"ம்ம். யோசிங்க."

வாசலில் நின்று இதைக் கேட்ட பிரின்சிபால் பூரித்துப்போனார். "பழுதே இல்லாத பழுது! என்ன தத்துவம் மாஸ்டர்! நான் மேல போய் குழுவைக் கூட்டிக்கிட்டு லிஃப்ட்ல இறங்கி வரேன். நீங்க ரெடியா இருங்க" என்று மேலே போனார்.

மாஸ்டர் இரண்டாம் மாடிக்கு ஏறினார், வெறும் ஆர்வத்தில்தான். கிரில் பக்கத்து மூடியைத் திறந்தார். காகிதம் அங்கேயே இருந்தது. வைத்த இடத்தில், வைத்த மடிப்போடு.

அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரிலுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் சாவதானமாக மேலே போனது.

ஓடக்கூடாத லிஃப்ட் ஓடுகிறது. மாஸ்டர் காகிதத்தை உருவிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, தொடக்கூடாததைத் தொடுகிறவர் போல, கிரிலைக் கொஞ்சமாகத் திறந்தார். மேலே கயிறு நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தார். கயிறு நின்றபாடில்லை.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். யாரோ மேலே மெஷின் ரூமில் ஜம்பர் போட்டிருக்கிறார்கள். ஜம்பர் என்பது ஒரு சின்னத் துண்டு ஒயர். எந்தப் பகுதியில் கோளாறு என்று பார்க்க, கதவுக் காண்டாக்டுகள் எல்லாவற்றையும் மின்சாரம் கொஞ்ச நேரத்துக்குத் தாண்டிப்போகும்படி மெக்கானிக் போடுவது. பார்த்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் லிஃப்ட் பிரமாதமாக ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கப்போகும்போது, காலுக்கும் தரைக்கும் நடுவே கிளம்பிப் போய்விடும்.

பழைய மாணவனின் காலிச் சட்டைக்கை அவர் கண்முன் ஆடியது.

உடனே மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அணைத்தால் ஏன் அணைத்தீர்கள் என்பார்கள். மேலே ஆய்வுக்குழு. என் மாணவர்களில் எவனோ திருட்டுத்தனமாக ஜம்பர் போட்டான் என்று எப்படிச் சொல்வது? சத்தம் காட்டாமல் போய்க் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டால் ஆயிற்று. மாஸ்டர் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடினார். போகிற வழியில், மூன்றாம் மாடியில், கணக்கு அலுவலகத்துக் கண்ணாடிக் கதவுக்குள் மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு எழுவது தெரிந்தது.

"லிஃப்ட்ல போகாத!" என்று கத்தினார்.

"ஏன்?" என்றாள் அவள், நிமிராமல். பிறகு சக ஊழியையிடம், "பாத்தியா, திருப்பிக் கேட்டா எப்படி இருக்குன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்" என்று சிரித்தாள்.

நின்று பதில் சொல்ல நேரமில்லை என்று நினைத்தார். ஒயரைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். அன்று அவர் நிறைய நினைத்தார்.

மெஷின் ரூமில் கண்ட்ரோல் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கொத்துக் கொத்தாக ஒயர்கள். மாணவர்கள் திருட்டுத்தனமாக எதை மாட்டியிருப்பார்கள்? கறுப்பா, பச்சையா, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் ஒயரா? ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிப் பார்த்தார். மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். அவசரக்குடுக்கை. வேர்வை கண்ணில் இறங்கியது. புதிய ஒயர் எதுவும் அகப்படவில்லை.

கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் கீழேயிருந்து சத்தம் வந்தது. கிரில் இழுபடும் ஓசை, கர்ரென்று. மூன்றாம் மாடி கிரில். அது மட்டும் நடுவில் ஒரு தடவை சிக்கித் திறக்கும், அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். திறந்துவிட்டது. இனி உள்ளே ஏறி மூடுகிற சத்தம் வரவேண்டும்.

வரவில்லை. அதற்குப் பதிலாக மனைவியின் பேச்சுக்குரல் வந்தது. திரும்பி நின்று யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, நான்காவது மாடியில், குழுவினர் புடைசூழ நின்ற பிரின்சிபால் பொத்தானை அழுத்தினார்.

மாஸ்டரின் காதருகே மோட்டார் உறுமிக் கிளம்பியது.

மாஸ்டர் எழுந்து மெயின் சுவிட்சின் மேல் விழுந்தார். அணைத்தார் என்று சொல்வது மரியாதைக்கு. விழுந்தார் என்பதுதான் உண்மை.

மோட்டார் அடங்கியது. எங்கும் நிசப்தம். பிறகு, கிணறு போன்ற அந்த ஆழத்தின் அடியில் ஏதோ ஒன்று பொத்தென்று விழும் ஓசை.

படிகளை அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாம் மாடியில் லிஃப்ட் பாதி மேலே போய், திறந்த கிரிலுக்கு நடுவே அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே கறுப்பாக வாய் பிளந்த வெற்றிடம். அதன் விளிம்பில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். சக ஊழியை அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். மனைவியின் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"செருப்பு போயிடுச்சு" என்றாள் மனைவி. குரல் எங்கிருந்தோ வந்தது. "கால வெச்சேன். தரையே இல்ல."

மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு வகுப்பு மேலே ஓடி வந்தது. குழு கீழே இறங்கி வந்தது. எல்லாரும் அந்தப் பிளவைச் சுற்றி நின்றார்கள். தையல்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கதவு திறந்திருக்கு, லிஃப்ட் போயிருக்கு. அப்ப ஜம்பர் போட்டிருக்கு. யார் போட்டது?"

"உங்கள்ல ஒருத்தர்தான்" என்றார் மாஸ்டர். தன் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. "யாருன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும் மாஸ்டர்?" இது மாப்பிள்ளை. நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டான். இத்தனை மாதம் அவனுக்கு அதுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

"வேற யார் போடுவாங்க?"

"எங்ககிட்ட ஜம்பர் ஒயரே கிடையாதே" என்றாள் தையல்காரம்மா. "நாங்க போடக்கூடாதுன்னு பெட்டிய நீங்கதான் பூட்டி வெச்சுக்குவீங்க. பெட்டியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. யாரோ பெட்டியைக் கொண்டுவந்தார்கள். திறந்தார். வரிசையாகச் சிவப்பு ஒயர்கள். ஒரு கொக்கி காலியாக இருந்தது.

"போன வாரப் பழுது கீழ்த்தளத்துல வெச்சது" என்று தையல்காரம்மா மெதுவாக யோசித்துக்கொண்டே போனாள், துணியை அளந்து வெட்டுகிறவள் போல. "நாங்க கண்டுபிடிக்கல. மணியடிச்சு வீட்டுக்குப் போயிட்டோம். அப்ப லிஃப்ட் மேல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அத யார் கீழ கொண்டுவந்தது?"

மாஸ்டருக்கு நினைவு வந்தது. அன்று மனைவியின் அக்கா குடும்பம் வீட்டில் காத்திருந்தது. போன் மேல் போன். "உடனே கிளம்பி வாங்க." "எப்ப வருவேன்னு நினைக்கிற?" அவசரத்தில் ஒரு ஜம்பரைச் செருகி, லிஃப்டைக் கீழே இறக்கி, பழுதை எடுத்துவிட்டு, ஜம்பரை நாளைக்குக் கழற்றிக்கொள்ளலாம் என்று ஓடியது அவர்தான்.

மாப்பிள்ளை மெஷின் ரூமுக்குப் போய், போன சூட்டில் திரும்பினான். கையில் சிவப்பு ஒயர். "கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு மாஸ்டர். பலகைக்கு நடுவுல."

அதை மாஸ்டர் பார்த்திருந்தார். விரலால் ஒதுக்கியும் இருந்தார். மாணவர்களின் ஒயரைத் தேடிய கண்ணுக்குத் தன் ஒயர் தெரியவில்லை.

"நான்தான்" என்றார். "நான்தான் போட்டேன். மறந்துட்டேன். தெரிஞ்சப்புறமும் உடனே அணைக்காம விட்டேன்."

பிறகு கைதட்டல் கேட்டது. குழுத் தலைவி அம்மையார் தட்டிக்கொண்டிருந்தார். கண்கள் பனித்திருந்தன.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பைப் பாத்ததில்ல. மாணவர்கள் ஆசிரியரையே சந்தேகப்பட்டு, ஆதாரத்தோட நிரூபிக்கிற மாதிரி ஒரு சிக்கலை வடிவமைச்சிருக்கீங்க!"

"அம்மா, இது வடிவமைச்சது இல்ல. தப்பு. நிஜமாவே மறந்துட்டேன்."

"பாத்தீங்களா!" என்று அம்மையார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கடைசிவரைக்கும் விடையை ஒப்புக்க மாட்டேங்கிறார்!"

பிரின்சிபால் அடக்கமாகத் தலைகுனிந்தார், வடிவமைப்பில் தமக்கும் பங்கு உண்டு என்பது போல.

"நான் அவர் சம்சாரம்" என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த மனைவி. "சாகப் பாத்தேன். இவருக்கு நடிக்கல்லாம் தெரியாதுங்க."

"குடும்பமே ஒத்துழைக்குது" என்று அம்மையார் குரல் தழுதழுத்தது.

மாஸ்டர் அம்மையாரின் பின்னாலேயே வாசல்வரை போய்ச் சொன்னார். எழுதியும் கொடுத்தார். சொல்லச் சொல்ல மாஸ்டர் மேல் மதிப்புத்தான் கூடியது. அடுத்த மாதம் எல்லாப் பயிற்சி நிறுவனங்களுக்கும் உத்தரவு போனது. ஆசிரியர், யாருக்கும் தெரியாமல், ஓடும் லிஃப்டில் ஒரு ஜம்பரைப் போட்டுவைக்க வேண்டும். மாணவர்கள் தாமாக உணரும்வரை வாய் திறக்கக் கூடாது. யார் வந்து நிறுத்தச் சொன்னாலும் அதைச் சோதனையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

உத்தரவைப் படித்த அன்றே அதைத் தடுக்க மாஸ்டர் கிளம்பினார். மனைவியும் கூட வந்தாள். "நீங்க சொன்னா எவன் நம்புவான்? நான் வரேன்" என்றாள். பக்கத்தில் இருந்த நிறுவனத்துக்குச் சொந்த லிஃப்ட் இல்லை. அதன் மாணவர்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் லிஃப்டுகளில் தொழில் பழகினார்கள்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு ஒரே கூட்டம். பிளாஸ்க்கோடு ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒரு தாய். லிஃப்ட் வந்து நின்றது. மாஸ்டர் முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறாமல் நின்றார்.

"ஏறுறதுன்னா ஏறுங்க சார். காத்து வாங்கவா நிக்கிறீங்க?" என்றார் பிளாஸ்க்காரர்.

மேலே எங்கோ யாரோ பொத்தானை அழுத்தினார்கள். திறந்த கதவுக்கு முன்னால், சத்தமே இல்லாமல், லிஃப்ட் மேலே கிளம்பிப் போனது.

மாஸ்டர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார். "யாரும் கிட்ட வராதீங்க! உள்ள தரை இல்ல! ஒயர் போட்டு வெச்சிருக்காங்க, கதவு திறந்திருந்தாலும் போகும். விழுந்தா செத்துடுவீங்க!" என்று கத்தினார். இத்தனை நீளமாக அவர் விடை சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

ஜனங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "பாவம், யாரோ பேஷண்ட் போலிருக்கு" என்றார் பிளாஸ்க்காரர். "வாங்க, அந்த லிஃப்ட்ல போகலாம்." கூட்டம் அப்படியே கலைந்து, நடையின் மறுகோடியில் இருந்த இன்னொரு லிஃப்டை நோக்கி நகர்ந்தது. சக்கர நாற்காலி எல்லாருக்கும் முன்னால் போனது. அந்த லிஃப்டின் கதவு ஏற்கனவே திறந்திருந்தது.

மாஸ்டரால் பிடித்த கதவை விட முடியவில்லை. மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி அதை நோக்கி ஓடினாள்.